ஆற்றோரம் மேயும் ஆடுகள் மெலியும்போது: புழுக்கைச் சோதனை முதல் ஆற்றுநீர் மாதிரி வரை – முழுமையான வழிகாட்டி

வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை வழியாகச் செல்லும் பாலாற்றின் கரையிலோ, திருப்பூரைக் கடந்து வரும் நொய்யலின் கரையிலோ மேயும் ஒரு மந்தையில் ஆடுகள் மெலிந்து, தாடைக்கடியில் நீர் கோத்து, ஒன்றிரண்டு இறக்கவும் தொடங்கினால், இரண்டு விதமான அவசரம் எழுகிறது. ஒரு சாரார் கிடைத்த குடற்புழு மருந்தை வாங்கி மந்தை முழுவதற்கும் ஊட்டிவிடுகிறார்கள். மற்றொரு சாரார் தோல் கழிவோ சாயக் கழிவோதான் காரணம் என்று முடிவு செய்து, குடிநீர் பாட்டிலில் ஆற்றுநீரை மொண்டுகொண்டு ஆய்வகத்துக்குச் செல்கிறார்கள். முதலாமவரின் மருந்து, காரணத்தைக் காட்டியிருக்கக்கூடிய முட்டைகளை இல்லாமல் செய்துவிடுகிறது. இரண்டாமவர் கொண்டுபோன நீரில் இருந்த உலோகத்தின் ஒரு பகுதி, வழியிலேயே பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டுவிடுகிறது.

கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்ய வேண்டும். புழுவை முதலில் பார்ப்பதற்குக் காரணம் எளியது: மேய்ச்சல் ஆட்டின் இரத்தசோகைக்கு அதுவே மிகப் பொதுவான காரணம், சோதனைக்கு ஆகும் செலவு குறைவு, முடிவு அன்றே தெரிந்துவிடும். உலோகச் சோதனைக்குப் பணமும் நாளும் கூடுதலாக வேண்டும். புழுவை விலக்காமல் செய்தால், வரும் எண்களை எதனோடு பொருத்துவது என்றும் தெரியாது.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

புழுவுக்கு: கையுறை, சிறு பிளாஸ்டிக் உறைகள், அழியாத மை பேனா, ஒரு கிராம் துல்லியமுள்ள தராசு, அளவுக் குடுவை, டீ வடிகட்டி, சொட்டுக் குழல், அயோடின் சேர்க்காத உப்பு, மெக்மாஸ்டர் எண்ணும் கண்ணாடி (முட்டைகளை எண்ணுவதற்காகக் கோடிட்ட இரு அறைகள் கொண்டது), 100 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சாதாரண நுண்ணோக்கி. மெக்மாஸ்டர் கண்ணாடி இல்லாமல் சாதாரணக் கண்ணாடிச் சில்லில் பார்த்தால் முட்டை இருக்கிறதா என்று மட்டும்தான் தெரியும். எத்தனை என்று தெரியாது. மருந்து கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

நுண்ணோக்கி இல்லாதவர்கள் மூன்றாம் படி வரை தாங்களே செய்து, மாதிரியை மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவிலோ, அருகிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ கொடுக்கலாம்.

நீருக்கான பாட்டில்களை நீங்களே தயார் செய்ய வேண்டாம். எந்த ஆய்வகத்தில் சோதிக்கப் போகிறீர்களோ அங்கேயே, நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய பாட்டில்களைக் கேட்டு வாங்குங்கள். ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் மாதிரி எடுக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். ஆட்டின் காதுப் பட்டை எண், வயது, சினையா பால் ஆடா, கடைசியாக எந்த மருந்து எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது, எங்கே மேய்ந்தது, எங்கே நீர் குடித்தது ஆகியவற்றை முதல் நாளே எழுதிவிடுங்கள். எட்டாம் படியில் தேவைப்படும் விடை பெரும்பாலும் இந்த நோட்டில்தான் இருக்கும்.

2. மருந்துப் புட்டியைத் திறக்குமுன் கண்ணிமையைத் திறந்து பாருங்கள்

ஆட்டின் நான்காம் இரைப்பையில் வாழும் ஹீமான்கஸ் கன்டார்டஸ் என்னும் இரைப்பைப்புழு, ஒவ்வொன்றும் நாளுக்கு ஏறத்தாழ 0.05 மி.லி. இரத்தத்தை இழக்கச் செய்கிறது. ஆயிரம் புழு இருந்தால் நாளுக்கு 50 மி.லி. போகிறது. அந்த இழப்பு முதலில் தெரியும் இடம் கீழ் இமையின் உட்புறம்.

தென்னாப்பிரிக்காவில் உருவாக்கப்பட்ட ஃபமாச்சா வண்ண அட்டை இதற்குப் பயன்படுகிறது. சிவப்பாக இருந்தால் 1. வெள்ளையாக இருந்தால் 5. மேல் இமையால் கண்ணை மூடி, விழியை மெல்ல உள்ளே அழுத்தி, கீழ் இமையைக் கீழே இழுத்தால் உட்புறச் சவ்வு தானாக வெளியே தள்ளும். நல்ல பகல் வெளிச்சத்தில், இரண்டு கண்களையும் பார்த்து, வெளிறிய கண்ணின் எண்ணையே எழுதுங்கள்.

இங்கே நேரும் பிழைகள் மூன்று. கொட்டகை நிழலில் பார்ப்பது. அட்டையில்லாமல் நினைவிலிருந்து மதிப்பிடுவது. இமையை நீண்ட நேரம் இழுத்துப் பிடித்துக்கொண்டே பார்ப்பது. கடைசிப் பிழையில் சவ்வின் நிறமே மாறிவிடும். அட்டையின் சாயமும் வெளுக்கும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை புதியது வாங்குவது நல்லது.

வெளிறிய இமை என்றாலே இரைப்பைப்புழு என்று முடிவு கட்டக் கூடாது. ஈரல் தட்டைப்புழு, உண்ணி பரப்பும் இரத்த ஒட்டுண்ணிகள், பேன், சத்துக் குறைவு, சில உலோகங்கள் எனப் பலவும் அதே வெளிறலைத் தரும். யாரை முதலில் சோதிப்பது என்பதை மட்டுமே இமை சொல்கிறது.

3. புழுக்கையைத் தரையிலிருந்து பொறுக்காதீர்கள்

கையுறை விரலில் சிறிது எண்ணெய் தடவி, மலக்குடலிலிருந்தே புழுக்கையை எடுக்க வேண்டும். தரையில் கிடப்பது எந்த ஆட்டுடையது என்று தெரியாது என்பது ஒரு காரணம். மண்ணில் தானாக வாழும் புழுக்கள் அதில் ஏறிவிடும். அவற்றைக் குடற்புழுவின் இளம்புழு என்று எண்ணிப் பயப்படுவது புதியவர்களிடம் அடிக்கடி காணும் குழப்பம்.

ஆடு ஒன்றுக்கு ஐந்து கிராமாவது எடுத்து, உறையிலுள்ள காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, இறுகக் கட்டி, எண் எழுதுங்கள். காற்றும் வெப்பமும் கிடைத்தால் ஒரு நாளுக்குள் முட்டை பொரிந்துவிடும். பொரிந்த முட்டையை எண்ண முடியாது. உடனே சோதிக்க இயலாவிட்டால் 4 டிகிரி அளவில் குளிர்பெட்டியில் வையுங்கள். உறைய வைத்தால் முட்டைகள் சிதையும்.

இமை எண் 4, 5 உள்ள ஆடுகளிடம் மட்டும் மாதிரி எடுப்பது போதாது. நலமாகத் தெரியும் ஆடுகள் சிலவற்றையும், குட்டிகளையும் தனித்தனியே சேர்க்க வேண்டும். புழுக்களில் பெரும்பகுதி மந்தையின் ஒரு சிறு பகுதியிடமே குவிந்திருக்கும். அந்தப் பகுதி எது என்று ஒப்பிட்டால்தான் தெரியும்.

4. முட்டை எண்ணுதல்

ஒரு லிட்டர் வெந்நீரில் 400 கிராம் உப்பைக் கரைத்து ஆற வையுங்கள். அடியில் சிறிது உப்பு கரையாமல் நின்றால் கரைசல் நிறைவுற்றது என்று பொருள். மேல்தெளிவின் அடர்த்தி எண் ஏறத்தாழ 1.20, உருண்டைப்புழு முட்டை அதைவிட இலேசானது என்பதால் மிதக்கும். அடியில் உப்பு மிஞ்சாத கரைசலைப் பயன்படுத்தினால் முட்டை முழுவதும் மேலே வராது. எண்ணிக்கை பொய்யாகக் குறையும்.

புழுக்கை 3 கிராம் எடுத்து 42 மி.லி. கரைசலில் நன்றாக நசுக்கிக் கலந்து, டீ வடிகட்டியில் வடித்து, வடித்ததைக் கிளறிக்கொண்டே சொட்டுக் குழலால் உறிஞ்சி, கண்ணாடியின் இரு அறைகளையும் நிரப்புங்கள். கிளறாமல் சிறிது நேரம் விட்டுப் பின் உறிஞ்சினால், மிதந்து மேலே நிற்கும் முட்டைகளை மட்டுமோ முட்டையே இல்லாத நடுப்பகுதியை மட்டுமோ எடுப்பீர்கள். நான் பார்த்தவரை, ஒரே ஆட்டின் மாதிரிக்கு இருவர் இரு வேறு எண்களைச் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஒரு நொடிதான்.

ஐந்து நிமிடம் அசையாமல் வைத்த பின் எண்ணுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால் உப்பு முட்டையைச் சுருக்கிவிடும். அறையின் அடியில் அல்ல, மேல் கண்ணாடியின் கோடுகளில் நோக்கியைக் குவிக்க வேண்டும், ஏனெனில் முட்டைகள் அங்கேதான் ஒட்டி நிற்கின்றன. கறுப்பு வளையத்துடன் தெரிவது காற்றுக் குமிழி. மெல்லிய ஓட்டுடன், நீள்வட்டமாக, உள்ளே திராட்சைக் கொத்து போன்ற செல்களுடன் தெரிவது உருண்டைப்புழு முட்டை. நாடாப்புழு முட்டை மூன்று நான்கு மூலைகளுடன் இருக்கும். அதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இரு அறைகளின் கூட்டுத்தொகையை 50-ஆல் பெருக்கினால் ஒரு கிராம் புழுக்கைக்கான முட்டை எண்ணிக்கை கிடைக்கும். ஒவ்வொரு அறையும் 0.15 மி.லி. கொள்ளும், இரண்டிலும் சேர்த்து உள்ளது 0.02 கிராம் புழுக்கை என்பதால்தான் அந்த 50. கரைசலின் அளவை மாற்றினால் பெருக்கும் எண்ணும் மாறும்.

5. தட்டைப்புழுவுக்குத் தனிச் சோதனை

ஆற்றோர மந்தைக்கு இந்தப் படியை விடவே கூடாது. தேங்கிய நீரில் வாழும் நத்தைகள் வழியாக ஈரல் தட்டைப்புழுவும், முதல் இரைப்பையில் தங்கும் ஆம்பிஸ்டோம் வகைத் தட்டைப்புழுவும் பரவுகின்றன. இவற்றின் முட்டைகள் கனமானவை. உப்புக் கரைசலில் மிதக்காது. மிதக்கும் முறையில் மட்டும் பார்த்துவிட்டு, புழு இல்லை, ஆகவே ஆற்று நஞ்சுதான் என்று எழுந்த பல தவறான முடிவுகளின் வேர் இது.

புழுக்கையை வெறும் தண்ணீரில் கரைத்து வடித்து, உயரமான குவளையில் ஐந்து நிமிடம் படியவிட்டு, மேல்நீரை மெல்லக் கொட்டி, மீண்டும் நீர் ஊற்றிப் படியவிடுங்கள். மேல்நீர் தெளியும் வரை இதைத் திரும்பச் செய்து, அடிவண்டலில் ஒரு சொட்டு மெத்திலீன் நீலம் விட்டுப் பாருங்கள். குப்பைகள் நீலமாகும், ஈரல் தட்டைப்புழு முட்டை மஞ்சள் பழுப்பாகவே நிற்கும். ஆம்பிஸ்டோம் முட்டை நிறமற்றுத் தெளிவாக இருக்கும்.

இளம் தட்டைப்புழு முட்டையிடாமலேயே ஈரலைக் குடைந்து ஆட்டைக் கொல்லக்கூடியது. எனவே இறந்த ஆடு இருந்தால் உடனே கால்நடை மருத்துவரைக் கொண்டு பிணக்கூறு ஆய்வு செய்யுங்கள். நான்காம் இரைப்பையைத் திறந்தால் இரண்டு மூன்று செ.மீ. நீளத்தில் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலாகக் கிடக்கும் இரைப்பைப்புழுவைக் கண்ணாலேயே காணலாம். அதே வேளையில் ஈரல், சிறுநீரகத் துண்டுகளைத் தனித்தனி உறையில் உறைய வைத்துவிடுங்கள். பின்னால் உலோகச் சோதனை தேவைப்பட்டால் அவை நீரைவிடத் தெளிவாகப் பேசும்.

6. எண்ணிக்கையைப் படித்து, வேண்டிய ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுத்தல்

வளர்ந்த ஆட்டில் கிராமுக்கு 500-க்குக் கீழ் என்றால் பொதுவாக இலேசான தாக்குதல். 2,000-க்கு மேல் என்றால் கடுமையானது. நடுவில் உள்ளவற்றை இமை எண், உடல் எடை, வயது ஆகியவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும். இளம் புழுக்கள் முட்டையிடுவதில்லை என்பதால், வடகிழக்குப் பருவமழை தொடங்கிய மூன்று வாரங்களுக்குள் முட்டை குறைவாகவும் சோகை கடுமையாகவும் இருக்கக்கூடும்.

மந்தை முழுவதற்கும் ஒரே நாளில் மருந்து ஊட்டினால், மருந்துக்குத் தப்பிய புழுக்கள் மட்டுமே அடுத்த தலைமுறையைப் பெருக்கும். நலமான ஆடுகளை விட்டுவைத்தால் அவற்றிலுள்ள, மருந்துக்குக் கட்டுப்படும் புழுக்கள் மேய்ச்சல் நிலத்தில் கலந்து எதிர்ப்புத்திறன் பெருகுவதைத் தாமதப்படுத்தும். இதை ஏற்பது பலருக்குக் கடினமாக இருக்கிறது. ஆனாலும் பத்து ஆண்டுக்குப் பிறகும் மருந்து வேலை செய்ய வேண்டுமானால் வேறு வழியில்லை.

எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது ஆட்டை நிறுத்துச் சரியான எடையைச் சொல்வது. கண்ணளவில் சொல்லும் எடை பெரும்பாலும் குறைந்தே போகிறது, குறைந்த அளவு மருந்து புழுவைக் கொல்லாமல் பழக்கிவிடுகிறது. வெள்ளாட்டின் உடல் பல மருந்துகளைச் செம்மறியைவிட விரைவாக வெளியேற்றும் என்பதால் ஒன்றுக்குச் சொன்ன அளவு மற்றதற்குப் பொருந்தாது. அதற்காகத் தோராயமாகக் கூட்டவும் கூடாது: குளோசாண்டெல் என்னும் புழு மருந்து அளவு மீறினால் பார்வை போகும். அல்பெண்டசோலைச் சினையின் முதல் மாதத்தில் தவிர்க்க வேண்டும்.

மயில்துத்தக் கரைசலைக் குடற்புழுவுக்கு ஊட்டும் பழைய வழக்கத்தையும், நத்தையைக் கொல்லக் குட்டையில் அதைக் கொட்டுவதையும் அறவே விட்டுவிடுங்கள். மயில்துத்தம் தாமிர உப்பு. செம்மறி ஆடு தாமிரத்தை ஈரலில் சிறிது சிறிதாகச் சேர்த்துவைத்து, ஒரு நாள் திடீரென மஞ்சள்காமாலையும் கருஞ்சிவப்புச் சிறுநீருமாய் விழும். ஆலைக் கழிவு என்று தேடப்போன உலோகம் பட்டிக்காரரின் கையிலிருந்தே வந்ததாக முடியலாம்.

7. மருந்து வேலை செய்ததா என்று சோதித்தல்

மருந்து கொடுத்த 10 முதல் 14 நாட்களுக்குள், அதே ஆடுகளிடம் மீண்டும் முட்டை எண்ணுங்கள். பத்து ஆடுகளாவது இருந்தால்தான் சராசரிக்கு மதிப்புண்டு. முன்பு சராசரி 1,200, பின்பு 300 என்றால் குறைவு 75 விழுக்காடுதான். 95 விழுக்காட்டுக்குக் கீழே வந்தால் அந்த மருந்துக்கு எதிர்ப்புத்திறன் உண்டாகியிருக்கலாம். உடனே அதே மருந்தை இரட்டிப்பாக்காமல், வேறு வகையைச் சேர்ந்த மருந்துக்கு மாறுவது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். அல்பெண்டசோலும் ஃபென்பெண்டசோலும் வேறு வேறு பெயர் கொண்ட ஒரே வகை. ஒன்றுக்குப் பதில் மற்றதை வாங்குவது மாற்றமாகாது.

8. எப்போது ஆற்றின் பக்கம் திரும்ப வேண்டும்

முட்டை குறைந்தும் சோகை மாறவில்லை, சில்லில் தடவி நுண்ணோக்கியில் பார்த்த இரத்தத்தில் ஒட்டுண்ணி இல்லை, தட்டைப்புழுவும் இல்லை. இந்த மூன்றும் உறுதியான பின் நோட்டைத் திறந்து பாருங்கள். குட்டிகளைவிடப் பெரிய ஆடுகளே கூடுதலாகப் பாதிக்கப்பட்டுள்ளனவா, ஒரே மடுவில் குடிக்கும் மாடுகளும் மெலிகின்றனவா, கிணற்று நீர் குடிக்கும் பக்கத்து மந்தை நலமாக இருக்கிறதா என்பவையே கேள்விகள்.

குறிகளும் உதவும். கண் தெரியாமல் முட்டிக்கொள்வதும் பல் கடிப்பதும் ஈயத்தை நினைவூட்டும். கறுப்பு முடி வெளிறுவதும், பிறந்த குட்டிகளின் பின்னங்கால் தள்ளாடுவதும் தாமிரக் குறைவைக் காட்டும். நீரிலும் புல்லிலும் மாலிப்டினமும் கந்தகமும் மிகுந்தால் தாமிரம் உடலில் சேராமல் போகும்.

உலோகச் சோதனைக்குப் பணம் கட்டுமுன் நீரிலுள்ள உப்பின் அளவைக் காட்டும் கையடக்க மின்கடத்துத்திறன் மானியை நீரில் வைத்துப் பாருங்கள். தோல், சாயத் தொழில்களை ஒட்டிய நீரில் உப்புச் செறிவே முதல் தொல்லையாக இருக்கக்கூடும். செ.மீ.க்கு 8,000 மைக்ரோசீமென்ஸைத் தாண்டினால் சினை ஆட்டுக்கும் பாலூட்டும் ஆட்டுக்கும் அந்த நீர் ஆகாது.

9. ஆற்றுநீர் மாதிரி எடுத்தல்

எங்கே எடுப்பது? ஆடு குடிக்கும் இடத்தில். பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி ஓட்டமே இருக்காது. மந்தை குடிப்பது மடுவிலும் ஊற்றுக்குழியிலும்தான். அதோடு, கழிவு கலப்பதாகக் கருதும் இடத்துக்கு மேலே ஓரிடத்திலும், கலந்து சீரான பின் கீழே ஓரிடத்திலும் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். மேலிடத்து மாதிரி இல்லாத முடிவுத் தாளை வைத்துக்கொண்டு எவரிடமும் வாதிட இயலாது.

நீரில் இறங்கி எடுப்பதானால் கீழிடத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் செல்லுங்கள். நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, ஒரு சாண் ஆழத்தில் பாட்டிலைத் திறந்து நிரப்பி, நீருக்குள்ளேயே மூடுங்கள். காலால் கலங்கிய சேறு பாட்டிலுக்குள் போனால், சேற்றில் ஒட்டியிருந்த உலோகம் நீரில் இருந்ததாகக் கணக்காகும். உலோக வாளி, துருப்பிடித்த சங்கிலி ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

ஒவ்வோர் இடத்திலும் இரண்டு பாட்டில் வேண்டும். ஒன்று வடிகட்டாதது: ஆடு கலங்கலோடுதான் குடிக்கிறது என்பதால் அதன் உடலுக்குள் போகும் மொத்த அளவை இது சொல்லும். மற்றொன்று 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்தது: கரைந்துள்ள அளவை மட்டும் சொல்லும். இரண்டிலும் தூய நைட்ரிக் அமிலம் சேர்த்துப் பி.எச். மதிப்பை 2-க்குக் கீழே கொண்டுவந்தால்தான் உலோகம் சுவரில் ஒட்டாது.

வரிசை மிக முக்கியம்: முதலில் வடிகட்ட வேண்டும், பிறகே அமிலம். அமிலம் சேர்த்து வடிகட்டினால் வண்டலிலிருந்த உலோகமும் கரைந்து இறங்கி, இரண்டு பாட்டிலும் ஒன்றாகிவிடும். அமிலத்தைக் கையாளும் பழக்கம் இல்லாதவர்கள் அந்த வேலையை ஆய்வகத்திடம் விட்டு, மாதிரியைக் குளிர்பெட்டியில் அன்றே சேர்ப்பது நல்லது.

குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவமான ஆறிணைதிறக் குரோமியத்துக்கு மட்டும் மூன்றாவது பாட்டில், அமிலமே இல்லாமல். அமிலம் பட்டால் அது வேறு வடிவாக மாறிவிடும். 4 டிகிரியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும். ஆய்வகத்தின் தூய நீரை ஆற்றங்கரையில் திறந்து ஊற்றி, மற்றவற்றைப் போலவே மூடிய ஒரு வெற்று மாதிரியும் உடன் போகட்டும். அதில் உலோகம் காட்டினால் மாசு உங்கள் கையிலோ பாட்டிலிலோ இருக்கிறது.

புல் மிகக் குட்டையாக உள்ள காலத்தில் ஆடு மண்ணையும் சேர்த்தே தின்னும். ஆகவே வெள்ளம் விட்டுச்சென்ற நுண்வண்டலிலும் பிளாஸ்டிக் கரண்டியால் ஒரு மாதிரி எடுங்கள். சாக்கடைப் புல்லை அறுத்துப் போடுபவர்கள் அதிலும் ஒரு பிடி சேர்க்கலாம்.

10. முடிவுத் தாளைப் படித்தல்

மனிதர் குடிநீர் வரம்போடு ஒப்பிட்டு அலறுவதே இங்குள்ள பெரும்பிழை. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மி.கி., மொத்தக் குரோமியம் 0.05 மி.கி. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் பாசனநீர்க் கையேடு கால்நடைக்குச் சொல்லும் வரம்பு ஈயத்துக்கு 0.1, குரோமியத்துக்கு 1.0, தாமிரத்துக்கு 0.5, காட்மியத்துக்கு 0.05, ஆர்செனிக்குக்கு 0.2, துத்தநாகத்துக்கு 24 மி.கி. அதே மடுவில் மேய்ப்பவரும் குடித்தால் முதல் வரம்பே பொருந்தும்.

குரோமியம் மிகுந்திருப்பதாலேயே மெலிவுக்கு அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. தோல் பதனிடுதலில் பயன்படும் முவ்விணைதிறக் குரோமியம் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும். ஈயம் ஐயமானால் உறையாத முழு இரத்தத்தையும், தாமிரம் ஐயமானால் உறைய வைத்த ஈரலையும் சோதிக்கச் சொல்லுங்கள். நீரில் உள்ளது ஆட்டுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதற்கு இவையே சான்று.

தாளை எடுத்துக்கொண்டு மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்திடம் முறையிடும்போது ஒன்றைத் தெரிந்து செல்லுங்கள். 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டப்படி, ஆலைக் கழிவுநீரில் வாரிய அதிகாரிகள் உரிய முறையில் எடுத்த மாதிரிக்கே வழக்கில் சான்று மதிப்பு உண்டு. உங்கள் மாதிரி அவர்களை வரவழைக்கும் காரணமாக மட்டுமே இருக்கும். அதற்கு மேலிடம், கீழிடம், தேதி, நேரம், வெற்று மாதிரி ஆகியவை எழுதப்பட்ட தாள் போதும். அவர்கள் வரும் வரை மந்தைக்கு வேறு கிணற்றிலிருந்து நீர் காட்டுங்கள், அந்தக் கிணற்று நீரையும் அதே மானியில் பார்த்துவிட்டு.